ஃபர்ஸ் பார்க்கிலிருந்து இரண்டு வெளியேற்றங்கள்: ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் கிளப் குறித்த நிகழ்வு ஆய்வு

1964 கோடையில் ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க் ஊரைச் சேர்ந்த ரசிகர்களுக்குத் தங்கள் கால்பந்து கிளப் கையை விட்டுப் போனது. கிளப் திவாலாகவில்லை. லீக்கிலிருந்து யாரும் அதை நீக்கவும் இல்லை. அதை நடத்திவந்தவர்களே மூட்டை கட்டி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உள்ளூர்ப் பங்குதாரர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். ஓராண்டுக்குள் கிளப் சொந்த மைதானமான ஃபர்ஸ் பார்க்குக்குத் திரும்பியது. ஆனால் 2008இல் அதே மைதானத்தை அதே கிளப் இரண்டாம் முறையாகக் காலி செய்தது. அதன்பிறகு அங்கே அது திரும்பவே இல்லை.

இந்த ஆய்வின் மையம் 1964–65இல் நடந்தது. அதன் பாடம் முழுதாகப் புரிய 2008 வரை வரவேண்டியிருக்கிறது. முடிவுகளை எடுத்தவர்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவர்கள் யார் என்பதைவிட எந்த நிலையில் எதை முடிவு செய்தார்கள் என்பதே மற்ற சிறு கிளப்புகளுக்கு உதவும்.

பின்னணி

ஃபால்கர்க் இரும்பு வார்ப்பாலைகளின் ஊர். 1759இல் தொடங்கிய கேரன் இரும்பாலை அதன் அருகில்தான் இருந்தது. ஊரின் வடக்கே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பகுதி பெயின்ஸ்ஃபோர்ட். அங்கே ஒரு கிரிக்கெட் கிளப் இருந்தது. அதைச் சேர்ந்தவர்கள் 1880இல் ‘பிரிட்டானியா’ என்ற பெயரில் கால்பந்து அணி ஒன்றைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அது தன் மாவட்டத்தின் பெயரை எடுத்துக்கொண்டு ‘ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர்’ ஆனது. ஊர்க்காரர்கள் வாயில் வெறும் ‘ஷயர்’. 1900இல் ஸ்காட்டிஷ் லீக்கின் இரண்டாம் பிரிவில் சேர்ந்தது.

அப்போது அதன் மைதானம் மெர்ச்சிஸ்டன் பார்க். 1920இல் அதை விட்டுவிட்டு, 1921இல் ஃபர்ஸ் பார்க்குக்கு வந்தது. புது இடத்துக்கு வந்த அதே ஆண்டு பிப்ரவரியில், ஸ்காட்டிஷ் கோப்பை ஆட்டம் ஒன்றில் பார்டிக் திஸில் அணியுடனான மோதலைப் பார்க்க 12,000 பேர் திரண்டார்கள். அந்த மைதானம் அதற்குப் பிறகு அவ்வளவு கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு கிளப் புதுவீடு புகுந்த உடனேயே அதன் உச்சக் கூட்டத்தைப் பார்த்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

ஷயரின் பெரிய சிக்கல் ஆட்டத்தில் இல்லை, ஊரில் இருந்தது. அதே ஊரில் ஃபால்கர்க் என்ற பெயரிலேயே இன்னொரு கிளப் இருந்தது. அது பெரிது, 1913இலும் 1957இலும் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அதன் மைதானமான பிராக்வில் பார்க் ஊருக்குள்ளேயே இருந்தது. சனிக்கிழமை மதியம் ஆட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் பிராக்வில் பக்கம் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள்தான் ஷயருக்கு. ஆனால் அந்த மிச்சத்தில் அப்பா, மகன், பேரன் என்று தலைமுறையாக வந்த குடும்பங்கள் இருந்தன. சிறு கிளப் உயிரோடிருப்பது இவர்களால்தான்.

ஷயர் முதல் பிரிவில் ஆடியது மொத்தம் இரண்டே பருவங்கள். 1932இல் இரண்டாம் பிரிவை வென்று மேலே போய், ஒரே ஆண்டில் கீழே வந்தது. பிறகு முப்பது ஆண்டுகள் காத்திருந்து 1963இல் மறுபடி மேலே போனது. 1963–64இல் கடைசி இடம். திரும்பவும் கீழே.

அந்த 1963 உயர்வு, சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகத்துக்கு வந்திருந்த இரண்டு சகோதரர்களின் காலத்தில் நடந்தது. கார் வியாபாரம் செய்தவர்கள். சுறுசுறுப்பும் லட்சியமும் உள்ளவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களை வில்லன்களாக மட்டும் வரைந்துவிட்டால் இந்த நிகழ்விலிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

1964இல் கண்ணில் பட்டவை

சகோதரர்கள் இருந்த இடத்திலிருந்து பார்ப்போம். முப்பது ஆண்டுகளில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு கிடைத்து, ஒரே பருவத்தில் போய்விட்டது. பெரிய கிளப்புகள் ஃபர்ஸ் பார்க்குக்கு வந்த அந்த ஆண்டு முடிந்தது. இனி இரண்டாம் பிரிவுக் கூட்டம்தான். பக்கத்திலேயே ஒரு பெரிய கிளப். ஷயருக்கு வரும் கூட்டம் இனி வளரும் என்று சொல்ல ஒரு காரணமும் கண்ணில் படவில்லை.

இன்னொரு பக்கம், கிளாஸ்கோவுக்கு மேற்கே, கிளைட் ஆற்றங்கரையில் கிளைட்பேங்க். கப்பல் கட்டும் ஊர். ‘குயின் மேரி’ கப்பல் கட்டப்பட்ட ஜான் பிரவுன் தளமும், சிங்கர் தையல் இயந்திரத் தொழிற்சாலையும் அங்கேதான். 1941 மார்ச்சில் ஜெர்மானிய விமானங்கள் குண்டுவீசிச் சிதைத்த ஊர். ஏறத்தாழ 50,000 பேர் வாழ்ந்தார்கள். ஆனால் 1931இல் பழைய கிளைட்பேங்க் கிளப் மறைந்த பிறகு லீக் கிளப் எதுவும் இல்லை. கில்போவி பார்க் என்ற மைதானமும், அதில் ஆடிய ‘ஜூனியர்’ கிளப் ஒன்றும் இருந்தன. ஸ்காட்லாந்தில் ‘ஜூனியர்’ என்றால் சிறுவர் அணி என்று நினைக்க வேண்டாம். லீக்குக்கு வெளியே, தனி அமைப்பில் இயங்கிய பெரியவர்களின் கால்பந்து அது.

மக்கள் இருந்தார்கள், மைதானம் இருந்தது, லீக் இடம் இல்லை. ஷயரிடம் லீக் இடம் இருந்தது, மக்கள் குறைவு. கணக்குப் பார்க்கிறவருக்கு இது கச்சிதமாகத் தெரிந்திருக்கும்.

எடுத்த முடிவு

கிளப்பைக் கிளைட்பேங்குக்கு மாற்றி, அங்கிருந்த ஜூனியர் கிளப்போடு இணைத்து, ‘இ.எஸ். கிளைட்பேங்க்’ என்று பெயர் வைத்தார்கள். முன்னால் வரும் இரண்டு எழுத்துகள்தான் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர். ஊர்ப் பெயர் முழுதாக நிற்க, 84 ஆண்டு வரலாறு இரண்டு எழுத்தாகச் சுருங்கியது. ஃபர்ஸ் பார்க்கின் ஃப்ளட்லைட்டுகளும் கழற்றப்பட்டுக் கில்போவிக்குப் போயின.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது இந்த ஃப்ளட்லைட் விஷயம். ஒரு அணி வேறு மைதானத்தில் ஆடுவது தற்காலிகம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். கம்பத்திலிருந்து விளக்கைக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் திரும்பிவரும் எண்ணத்தில் போகவில்லை. அந்தக் கோடையில் ஃபர்ஸ் தெரு வழியாக நடந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லியிருக்கத் தேவையில்லை. அண்ணாந்து பார்த்தாலே போதும்.

ஃபால்கர்க்கிலிருந்து கிளைட்பேங்க் சாலை வழியே 25 மைலுக்கும் மேல். கிளாஸ்கோவைத் தாண்டிப் போகவேண்டும். வாரம் முழுக்க வார்ப்பாலையில் வேலை செய்துவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு நடந்தே மைதானத்துக்குப் போய்வந்த ஆளுக்கு அது அவருடைய கிளப்பாக இருக்க வழியில்லை.

நிர்வாகம் இங்கே செய்த பிழை ஒன்றைக் குறிக்கவேண்டும். கிளப்பின் சொத்தைக் கணக்கெடுத்தவர்கள் லீக் இடம், வீரர்கள், விளக்குகள் என்று எடுத்துப்போகக்கூடியவற்றை மட்டும் எண்ணினார்கள். ஃபால்கர்க்கில் இருந்த பங்குதாரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

கில்போவியில் ஓராண்டு

கூட்டத்தைப் பொறுத்தவரை சகோதரர்களின் கணிப்பு தவறில்லை. 1965இல் ஸ்காட்டிஷ் கோப்பையில் ஹைபர்னியனோடு ஆடிய ஆட்டத்துக்குக் கில்போவியில் 14,900 பேர் வந்தார்கள். முதல் பிரிவு அணியோடு 1–1 என்று சமன் செய்தார்கள். மறு ஆட்டத்தில்தான் தோற்றார்கள். கில்போவியின் எல்லாக் காலத்துக்குமான உச்சக் கூட்டம் அதுதான்.

அந்த மாலை கிளைட்பேங்க் மக்கள் அடைந்த மகிழ்ச்சி பொய்யில்லை. முப்பது ஆண்டுகளாக லீக் கிளப் இல்லாத ஊர் அது. அவர்களும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு ஊரின் இழப்பு இன்னொரு ஊரின் கொண்டாட்டமாக இருந்ததுதான் இந்த நிகழ்வின் கடினமான பகுதி.

நீதிமன்றத்தில்

ஃபால்கர்க்கில் இருந்தவர்கள் கோபப்பட்டதோடு நிற்கவில்லை. சிறுசிறு பங்குகள் வைத்திருந்த உள்ளூர்க்காரர்கள் ஒன்றுசேர்ந்து, இந்த இடமாற்றமும் இணைப்பும் செல்லாது என்று வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு எடின்பரோவில் உள்ள கோர்ட் ஆஃப் செஷனுக்குப் போனது. ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த உரிமையியல் நீதிமன்றம் அதுதான்.

‘எங்கள் கிளப், எங்கள் ஊர், எங்கள் உணர்வு’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நீதிமன்றத்தில் எடுபட்டிருக்காது. ஒரு கிளப் எந்த ஊரில் ஆடவேண்டும் என்பதில் ரசிகருக்கு என்ன சட்ட உரிமை இருக்கிறது? டிக்கெட் வாங்கியவர் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் பங்குதாரர் என்றால் கதை வேறு. நிறுவனம் தன் விதிகளின்படி நடந்ததா என்று அவர் கேட்கலாம், பதில் சொல்லியாகவேண்டும். அதே ஆட்கள்தான், அதே கோபம்தான். ஆனால் பீரோவில் கிடந்த ஒரு பங்குச் சான்றிதழ் அவர்களை வாசலில் நின்று கத்துகிறவர்களிடமிருந்து வாதிகளாக மாற்றியது.

1965இல் தீர்ப்பு பங்குதாரர்களுக்குச் சாதகமாக வந்தது. இணைப்பு கலைந்தது. ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் தன் பழைய பெயரோடும் லீக் இடத்தோடும் 1965–66 பருவத்துக்கு ஃபர்ஸ் பார்க் திரும்பியது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். திரும்பிவர ஒரு இடம் இருந்தது. விளக்கு போயிருந்தாலும் மண் அங்கேயே இருந்தது, யாரும் அதில் கட்டடம் எழுப்பியிருக்கவில்லை. வழக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கிளைட்பேங்குக்கு என்ன ஆனது

சகோதரர்களும் சும்மா இருக்கவில்லை. கிளைட்பேங்க் என்ற பெயரிலேயே கிளப்பை மறுபடி அமைத்தார்கள். 1966இல் லீக்கில் இடமும் கிடைத்தது. அதாவது, நேர்வழியில் போயிருந்தால் இரண்டே ஆண்டில் கிடைத்திருக்கக்கூடிய ஒன்றுக்காக இன்னொரு ஊரின் கிளப்பைக் கைப்பற்றியிருந்தார்கள்.

அந்தக் கிளப் நன்றாகவே வளர்ந்தது. 1977இல், அப்போது லீக்கின் உச்சப் பிரிவாக இருந்த பிரீமியர் பிரிவு வரை போனது. அந்தக் காலத்தில் வந்த பாதுகாப்புச் சட்டம் 10,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானங்களுக்குக் கெடுபிடிகள் விதித்தது. உடனே கில்போவியில் நின்று பார்க்கும் படிக்கட்டுகளில் எல்லாம் மரப்பெஞ்சுகளைப் போட்டு, 9,950 பேர் மட்டும் உட்காரக்கூடிய மைதானமாக மாற்றினார்கள். புத்திசாலித்தனமான நிர்வாகம்தான்.

ஆனால் 1996இல் கில்போவி கைவிட்டுப் போனது. சொந்த மைதானம் இல்லாத கிளைட்பேங்க், டம்பார்டன் கிளப்பின் போக்ஹெட் பார்க்கிலும், பிறகு கிரீனாக்கிலும் வாடகைக்கு ஆடியது. 1990களின் கடைசியில் அதை அயர்லாந்தின் டப்ளினுக்கே மாற்றும் முயற்சி ஒன்று நடந்து தோற்றது. 2002இல் ஏர்ட்ரி என்ற ஊரின் ஏர்ட்ரியோனியன்ஸ் கிளப் கடனில் மூழ்கி மூடப்பட்டது. காலியான லீக் இடம் கிரெட்னா என்ற கிளப்புக்குப் போகவே, ஏர்ட்ரி தரப்பினர் நொடித்துக் கிடந்த கிளைட்பேங்கை விலைக்கு வாங்கினார்கள். பெயரை ‘ஏர்ட்ரி யுனைடெட்’ என்று மாற்றி ஏர்ட்ரிக்குக் கொண்டுபோனார்கள்.

1964இல் ஃபால்கர்க்குக்கு நடந்தது 38 ஆண்டுகள் கழித்து கிளைட்பேங்குக்கு நடந்தது. இந்தமுறை அவர்களுடைய பெயரின் இரண்டு எழுத்துகூட மிஞ்சவில்லை. நீதிமன்றத்தில் மீட்கும் வழியும் இல்லை. திரும்பிவர மைதானமும் இல்லை. கிளைட்பேங்க் ரசிகர்கள் தாங்களே கைக்காசு போட்டு 2003இல் ஜூனியர் கால்பந்தில் கிளப்பைப் புதிதாகத் தொடங்கினார்கள். முதலில் டன்டோக்கரிலும் பிறகு யோக்கரிலும் மைதானத்தைப் பகிர்ந்துகொண்டு ஆடினார்கள். 1964இல் அந்த ஊர்மேல் கோபப்பட்ட ஷயர் ரசிகர் எவரும் இதைக் கேட்டு மகிழ்ந்திருக்கமாட்டார் என்று நம்புகிறேன். அந்த வலி என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

திரும்பிய வீட்டில்

வழக்கில் வென்ற கிளப்பின் அடுத்த நாற்பது ஆண்டுகள் எளிதாக இல்லை. 1974 ஜூனில் முழுநேர வேலை இல்லாத மேலாளராக வாரம் 40 பவுண்டுக்கு 32 வயது இளைஞர் ஒருவரைச் சேர்த்தார்கள். அவர் தன் வீரர்கள் யார் என்று கேட்டபோது கிடைத்த பட்டியலில் எட்டுப் பெயர்கள் இருந்தன. கோல்கீப்பர் ஒருவர்கூட இல்லை. அந்த எட்டிலிருந்து ஒரு அணியைக் கட்டினார்; ஊரின் பெரிய கிளப்பான ஃபால்கர்க்கைத் தோற்கடித்தார்; அக்டோபரில் செயின்ட் மிர்ரன் கிளப்புக்குப் போய்விட்டார். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மேலாளராகப் புகழ்பெற்ற அலெக்ஸ் ஃபெர்கூசன்தான் அவர். ஃபர்ஸ் பார்க் மீட்கப்படாமல் இருந்திருந்தால் அவர் முதல் அடி எடுத்துவைத்த இடம் வேறாக இருந்திருக்கும்.

அப்புறம் நெடுங்காலம் கீழ்ப்பிரிவில்தான். 2003 முதல் 2007 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து மூன்றாம் பிரிவின் கடைசி இடம். 2003–04இல் 36 ஆட்டங்களில் மொத்தம் 8 புள்ளிகள். வீரர்களுக்கு வாரம் 10 பவுண்டு. இவ்வளவுக்கும் சனிக்கிழமைகளில் வரவேண்டியவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

மைதானமும் தேய்ந்துகொண்டே வந்தது. பக்கத்தில் பெரிய கடை வளாகம் எழும்ப, ஃபர்ஸ் பார்க் அதன் ஓரத்தில் ஒடுங்கி நின்றது. லீக்கின் மைதானத் தரவிதிகள் இறுகின. அவற்றுக்கு ஏற்பச் சீரமைக்கும் செலவு கிளப்பின் சக்திக்கு மீறியது. 2007–08 பருவம் முடிந்ததும் ஷயர் ஃபர்ஸ் பார்க்கைக் காலி செய்தது. பக்கத்து ஊரான ஸ்டென்ஹவுஸ்ம்யூரின் ஓகில்வியூ பார்க்கில் வாடகைக்குப் போனது. 2012இல் ஃபர்ஸ் பார்க் இடிக்கப்பட்டது.

இந்த இரண்டாம் வெளியேற்றத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. போனது மூன்று மைல்தான். பெயர் மாறவில்லை. எதிர்த்து நிற்க ஒரு முகமும் இல்லை. அதனால்தான் அது நிரந்தரமாயிற்று என்பது என் கணிப்பு. 1964இல் ஒரே நாளில் பறித்தார்கள், ஊர் எழுந்தது. 2008க்கு முன் ஆண்டுக்கு ஒரு பலகை, ஒரு விரிசல் என்று கழன்றுகொண்டிருந்தது. அதற்கு எதிராக எந்தத் தேதியில் எழுவது?

வாடகை வீட்டில் இருந்த காலத்திலேயே இன்னொரு அடியும் விழுந்தது. 2016இல் லீக்கின் கடைசி இடத்தில் முடித்த ஷயர், எடின்பரோ சிட்டியிடம் பிளே-ஆஃபில் தோற்று, அதற்குக் கீழ்மட்டமான லோலேண்ட் லீக்குக்கு இறங்கியது. அந்தப் பிளே-ஆஃப் முறையில் லீக்கிலிருந்து வெளியேறிய முதல் கிளப் அதுதான். 1965இல் நீதிமன்றத்தில் மீட்ட லீக் இடம் ஆடுகளத்தில் போனது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆட்டத்தில் தோற்றால் இறங்கித்தான் ஆகவேண்டும்.

2018இல் கிளப் மறுபடி ஃபால்கர்க் எல்லைக்குள் வந்தது. இந்தமுறை குடியேறியது ஃபால்கர்க் ஸ்டேடியத்தில். ஒரு நூற்றாண்டாக எதிரில் நின்ற பெரிய கிளப்பின் மைதானத்தில் குத்தகையாளராக. பிராக்வில்லை விட்ட ஃபால்கர்க்கும் புது ஸ்டேடியம் தயாராகும்வரை 2003–04இல் இதே ஓகில்வியூவில்தான் தங்கியிருந்தது. பெரிய கிளப்புக்கு ஓராண்டுத் தங்கல், சிறிய கிளப்புக்குப் பத்தாண்டு வாசம்.

எதை மாற்றியிருக்கலாம்

சகோதரர்கள் இடத்தில் ஒருவர் இன்று இருந்தால், முதலில் கேட்கவேண்டியது ‘எங்கே கூட்டம் இருக்கிறது’ என்பதல்ல, ‘இந்தப் பங்குகள் யார் கையில் இருக்கின்றன, அவர்கள் என்ன சொல்வார்கள்’ என்பது. கிளைட்பேங்கில் கிளப் தேவை என்று பட்டால் அங்கேயே ஒன்றைத் தொடங்கி லீக்கில் விண்ணப்பிக்கும் வழி திறந்திருந்தது. 1966 அதை நிரூபித்தது.

லீக்கும் தன் பங்குக்குப் பதில் சொல்லவேண்டும். புதுப் பெயரிலும் புது ஊரிலும் ஆட அந்தக் கிளப்புக்கு அட்டவணையில் இடம் கிடைத்தது. ஃபால்கர்க்காரர்கள் நீதிமன்றம் போகவேண்டி வந்தது. லீக் இடம் கிளப்பின் ஊரோடு சேர்ந்தது, ஊர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும் என்று 1965க்குப் பிறகாவது ஒரு விதி உறுதியாக வந்திருந்தால் 2002இல் கிளைட்பேங்க் ஏர்ட்ரியாகியிருக்காது.

ஃபால்கர்க் பங்குதாரர்கள் செய்ததில் நான் மாற்றச் சொல்வது ஒன்றே ஒன்று, அது 1965க்குப் பிந்தையது. வென்ற கையோடு, சூடு ஆறுவதற்குள், மைதானத்துக்கென்று தனியாக ஒரு நிதியைத் தொடங்கியிருக்கவேண்டும். அணிக்குச் செலவழிக்கும் பணத்தோடு கலக்காமல், கூரைக்கும் சுவருக்கும் கழிவறைக்கும் மட்டும். வழக்குக்காகச் சேர்ந்தவர்கள் அந்த வேலைக்கும் சேர்ந்திருப்பார்கள்; 1965இல் ஃபர்ஸ் பார்க்குக்காகக் கைகொடுக்க ஆள் இருந்தார்கள் என்பது தெரிந்த விஷயம். பின்னாளில் தரவிதிகள் கதவைத் தட்டும்போது அந்தப் பெட்டியில் ஏதாவது இருந்திருக்கும்.

சிறு கிளப்பை நடத்துகிற யாராவது இதைப் படித்தால், இந்த வாரமே இரண்டு காகிதங்களைத் தேடி எடுங்கள்: பங்குப் பதிவேடு, மைதானத்தின் பத்திரம் அல்லது குத்தகை ஒப்பந்தம். முதலாவதில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர், அவர்கள் முகவரி இன்னும் சரியா என்று பாருங்கள். இரண்டாவதில் தேதியைப் பாருங்கள்.